புகைக்கும் பிள்ளையோடு முதல் ஆறு மாதம்: கிராமத்தில் இப்பணியைத் தொடங்குவோருக்கு

தென்காசி மாவட்டத்தில், பீடி சுற்றும் தொழிலை நம்பியிருக்கும் ஊர் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், இளைஞர் மன்றத்தார், தம்பி புகைக்கிறான் என்று அறிந்து கலங்கி நிற்கும் அக்காமார் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பையன் பீடி வலிக்கிறான் என்று தெரிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?" அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஓர் அறிவுரையை, பையனிடம் சொல்வதற்கு ஏற்ற வலுவான சில சொற்களை. அத்தகைய சொற்கள் என்னிடம் இல்லை. அந்தப் பிள்ளையின் ஒரு நாளில் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருக்கும்போது அந்தப் பழக்கம் வருகிறது என்று அவனோடு சேர்ந்து கண்டுபிடித்து, அந்த நேரங்களை ஒவ்வொன்றாக வேறொன்றால் நிரப்புவதுதான் நான் கற்றுக்கொண்ட வழி. அதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிடிக்கும்.

எங்கள் ஊர்களில் புகையிலை வெளியிலிருந்து வருவதில்லை. திண்ணையில் அம்மாவும் ஆச்சியும் சுளகை (முறத்தை) மடியில் வைத்து இலை வெட்டித் தூள் போட்டுச் சுருட்டிக்கொண்டிருக்க, அதன் அருகிலேயே குழந்தை தவழ்ந்து வளர்கிறது. ஏழு வயதில் தாத்தாவுக்காக அடுப்பில் பீடியைப் பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன், வழியில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. 2019ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களிடம் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. அதைவிட என்னை உறுத்தியது மற்றொரு எண்: பீடி புகைத்த மாணவர்களில் 47 விழுக்காட்டினர் பத்து வயது நிரம்பும் முன்பே அதைத் தொடங்கியிருந்தனர். பதினைந்து வயதுப் பையன் உங்கள் முன் வந்து நிற்கும்போது, அவனுக்கு இது நேற்றைய விளையாட்டாக இல்லாமல் ஐந்தாறு ஆண்டுப் பழக்கமாகவும் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்

நீங்கள் புகைப்பவராக இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்; இயலாவிட்டால், நிறுத்த முயல்வதைப் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சட்டையில் வீசும் வாடையை அவன் உங்களுக்கு முன்பே அறிந்திருப்பான்.

அடுத்து, நிக்கோடின் உடலில் என்ன செய்கிறது என்பதை ஓரளவேனும் புரிந்துகொள்ளுங்கள். உள்ளே இழுத்த புகையிலுள்ள நிக்கோடின் ஏறக்குறைய பத்து நொடியில் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் புகைத்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவன், இடைவேளை நெருங்கும்போது ஏன் பெஞ்சில் நெளிகிறான், ஏன் எரிந்து விழுகிறான், ஏன் மணி அடித்ததும் கழிப்பறைப் பக்கம் ஓடுகிறான் என்பதற்கெல்லாம் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் அதைத் திமிர் என்று எண்ணித் தண்டித்திருக்கிறேன். வளரும் மூளை இந்தப் பழக்கத்துக்கு எளிதில் அடிமையாகும். நாள்தோறும் புகைக்காத, வாரம் ஓரிரு முறை மட்டும் இழுக்கும் பிள்ளைகளிடம்கூட ஏக்கத்தின் அடையாளங்கள் தோன்றுவது உண்டு. ஆகவே "எப்போதாவதுதானே" என்று எதையும் தள்ளிவிடாதீர்கள்.

பீடியைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிட வேண்டும். "சிகரெட்டுதான் கெடுதல், பீடி வெறும் இலைதானே" என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருப்பீர்கள். பீடி இலையில் சிகரெட் தாளில் இருப்பது போன்ற நுண்துளைகள் இல்லாததால் காற்று எளிதில் உட்புகுவதில்லை. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் உருவத்தில் சிறியதாக இருந்தாலும் அது நுரையீரலுக்குள் செலுத்தும் நஞ்சு சிகரெட்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

கடைசியாக, உதவி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருங்கள். ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையும் நேரில் சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை வழங்கப்படுகிறது; உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அது எந்த அறையில், எந்த நாளில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். 2018 முதல் ஒவ்வொரு சிகரெட், பீடிக் கட்டின் மீதும் அந்த எண்ணே அச்சிடப்பட்டிருக்கிறது; எதிலிருந்து விடுபட வேண்டுமோ அதன் உறையிலேயே உதவியின் எண்ணும் இருப்பதைப் பையன்களிடம் காட்டினால் பலர் அப்போதுதான் அதை முதன்முறையாகப் படிக்கிறார்கள்.

முதற்படி: கேளுங்கள், பிடிக்காதீர்கள்

ஒரு பிழையை ஒப்புக்கொண்டு இந்தப் பகுதியைத் தொடங்குகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், பள்ளிச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் பீடியும் கையுமாக நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் பிடித்து, இறைவணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் நிறுத்தி, தகப்பனாரை வரவழைத்தேன். அவர் பள்ளி வாசலிலேயே அவனை அடித்தார். அடுத்த திங்கட்கிழமை பையன் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு அறிந்தேன். அவன் பீடியை விடவில்லை, படிப்பைத்தான் விட்டான். அந்தக் குற்றம் இன்றுவரை என்னை விட்டு நீங்கவில்லை.

ஆதலால், கண்ணால் பார்த்திருந்தாலும் அந்த இடத்தில் எதுவும் பேசாதீர்கள். ஓரிரு நாள் கழித்து, வேறொரு வேலையை முன்வைத்து அவனைத் தனியே சந்தியுங்கள். நடந்துகொண்டோ, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோ பக்கவாட்டில் நின்று பேசுவது, எதிரெதிரே நாற்காலி போட்டு அமர்ந்து பேசுவதைவிடப் பிள்ளைகளுக்கு எளிது. "நீ புகைக்கிறாயா?" என்று கேட்டால் பதில் "இல்லை" என்றுதான் வரும். "உன் சேக்காளிகளில் எத்தனை பேர் வலிக்கிறார்கள்?" என்று தொடங்கி, "உனக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கிறது?" என்று மெல்ல வாருங்கள். "நா ஒண்ணும் தினமும் அடிக்கது இல்ல சார், பயலுவ தந்தா மட்டும்தான்" என்று அவன் சொன்னால், அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கதவு திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அவன் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கின் எல்லையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தன் உயிருக்குக் கேடு செய்துகொள்ளும் எண்ணம் இருந்தாலோ, யாராவது அவனைத் துன்புறுத்தினாலோ, நீங்கள் பிறருடைய உதவியை நாடுவீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098, மனநலத்துக்கான 14416 ஆகிய எண்கள் அத்தகைய வேளைக்கானவை.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. அவர்கள் புகைப்பது எங்கள் பக்கத்தில் அரிது. ஆனால் பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு சுளகின் முன் அமர்ந்து இரவு வரை தூளைச் சுவாசிப்பவர்கள் பலர், வாயில் புகையிலை ஒதுக்குபவர்களும் சிலர் உண்டு. அவர்களிடம் பேசுவதைப் பெண் ஆசிரியரிடமோ செவிலியரிடமோ ஒப்படையுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வாரக் குறிப்பு

இந்தக் கட்டத்தில் பையனை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏழு நாள் வழக்கம்போல் இருந்துகொண்டு, ஒவ்வொரு முறை புகைத்த பின்னும் ஒரு துண்டுத்தாளில் நான்கு செய்திகளை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், கூட யார், எங்கிருந்து கிடைத்தது. எழுதத் தயங்குபவன் கோடு மட்டும் போட்டுக்கொண்டு வந்து வாயால் சொன்னாலும் போதும். தாள் வீட்டில் சிக்கிவிடும் என்ற அச்சம் இருந்தால் அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் குறிப்பை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போகும் விடியற்காலையில் பம்ப்செட் அறையின் பின்புறம் ஒன்று, அது அப்பாவின் கட்டிலிருந்து உருவியது. பேருந்து நிறுத்தத்தில் நண்பனோடு பகிர்ந்து அரை சிகரெட். கபடி ஆடி முடித்ததும் புளியமரத்தடியில் இரண்டு. சனிக்கிழமை மாலையில் மட்டும் எத்தனை என்று கணக்கில்லை. மற்ற நாள்களில் நான்கு முறை; சனிக்கிழமை மாலையையும் சேர்த்தால் நான்கு இடம். "சார், நா எப்பவும் அடிச்சிட்டே இருக்கேன்னு நெனச்சேன், இவ்வளவுதானா?" என்று அவனே கேட்டான். பூதமாகத் தெரிந்த ஒன்று நான்கு இடங்களாகச் சுருங்கியது அவனுக்குத் தெம்பைக் கொடுத்தது.

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைத் தேடும் பிள்ளை, உடலளவில் ஆழ்ந்த பிடிக்குள் இருக்கிறான் என்று பொருள். அவனை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோடின் மெல்லும் பசை பெரியவர்களுக்கானது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவருக்கு அதை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: அவனுடைய காரணம்

புற்றுநோயின் படங்களைக் காட்டி அச்சுறுத்துவது பதினைந்து வயதில் அவ்வளவாக எடுபடுவதில்லை; நாற்பது ஆண்டு கழித்து வரப்போகும் நோய் அந்த வயதுக்கு வேறு யாருக்கோ வரும் நோய். இன்றைக்கு, இந்த மாதத்துக்குள் அவன் தன் உடம்பில் உணரக்கூடிய காரணத்தைத் தேடுங்கள்.

எங்கள் ஊரில் அது பெரும்பாலும் கபடியாக இருந்தது. பாடிப்போகும் ஆட்டக்காரன் முப்பது நொடிக்குள், பாட்டை நிறுத்தாமல், எதிரணிக்குள் புகுந்து தொட்டுத் திரும்ப வேண்டும். புகைப்பவனின் இரத்தத்தில் உயிர்வளி ஏறவேண்டிய இடத்தின் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்கிறது என்று விளக்கியபோது, பல ஆண்டு அறிவியல் பாடத்தில் ஏறாதது அந்த மைதானத்தில் ஏறியது. நிறுத்துவதற்கு முந்தைய நாள், அவனை ஒரே மூச்சில் பாடச் சொல்லி எத்தனை நொடி என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்யுங்கள். அந்தக் கார்பன் மோனாக்சைடு ஒரு நாளுக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். நுரையீரலின் திறன் இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் படிப்படியாகக் கூடும். முதல் ஞாயிற்றுக்கிழமையே பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விளையாடாத பிள்ளைக்குப் பணக்கணக்கு உதவும். ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு மூன்று என்பது மாதம் 1,350 ரூபாய். அந்தக் காசை உண்டியலில் போட்டு மூன்று மாதத்தில் என்ன வாங்கலாம் என்று அவனையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

நான்காம் படி: நாள் குறிப்பது

இரண்டு வாரத்துக்குள் வரும் ஒரு நாளை அவனே தேர்ந்தெடுக்கட்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களையும், அம்மன் கோயில் கொடையையும், வீட்டில் நடக்கும் கல்யாணத்தையும் தவிர்த்துக் குறியுங்கள். பலர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்க விரும்புவார்கள். நான் திங்கட்கிழமையைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் வேலையற்ற நீண்ட பகல்தான் முதல் நாளின் பெரிய எதிரி, பள்ளி நாளில் நேரம் தானாகவே நகரும். நாளைக்கு நான்கைந்து மட்டும் புகைப்பவன், எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் குறைப்பதைவிட ஒரே நாளில் முழுமையாக நிறுத்துவதுதான் எளிது என்பது என் அனுபவம். கடைசி ஒன்றை விடுவது எப்போதும் நாளைக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். நம் வீடுகளில் இதுதான் முதலில் நடக்கும். சத்தியம் செய்த பையன் ஒருமுறை தவறிவிட்டால், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்ற அச்சத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, அதை எல்லோரிடமும் மறைக்கத் தொடங்குகிறான். மறைக்கத் தொடங்கியவனுக்கு நம்மால் உதவ முடிவதில்லை.

குறித்த நாளுக்கு முந்தைய மாலையில், பையிலும் மேசையிலும் பம்ப்செட் அறையின் ஓட்டு இடுக்கிலும் ஒளித்து வைத்த பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அவன் கையாலேயே எடுத்து நீரில் நனைத்து எறியட்டும். சட்டைகளைத் துவைத்துப் போடட்டும். ஏக்கம் வரும்போது வாயில் போடுவதற்கு வறுத்த நிலக்கடலை, பொரிகடலை, நெல்லிக்காய், ஏலக்காய், சோம்பு என்று எதையாவது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்; கிழங்குக் காலமானால் அவித்த பனங்கிழங்கைப் போல நீண்ட நேரம் கடித்து மெல்ல உகந்தது வேறில்லை. பாக்கும் பாக்குப் பொட்டலங்களும் மட்டும் கூடவே கூடாது. பாக்கு தானே வாய்க்குக் கேடு செய்வது, அதோடு அடுத்த பழக்கத்துக்கும் அது வாசலாகிவிடும்.

முதல் மூன்று நாளும் அதற்குப் பின்னும்

விட்ட சில மணி நேரத்திலேயே தவிப்பு தொடங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது நாள்களில் அது உச்சத்தை அடையும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் படிப்படியாகத் தணியும். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, பாடத்தில் மனம் நிற்காமை, மிகுந்த பசி, மலச்சிக்கல் ஆகியவை வரலாம். சிலருக்கு இருமல் முன்பைவிடக் கூடுவதாகத் தோன்றும். இவையெல்லாம் உடல் மீண்டுகொண்டிருப்பதன் அறிகுறி என்று முன்பே சொல்லி வைத்திருந்தால் பிள்ளை அஞ்சுவதில்லை. சொல்லாமல் விட்டால், "பீடிய விட்ட பிறகுதான் உடம்புக்கு முடியல" என்று கூறித் திரும்பிப் போய்விடுவான்.

ஒரு தனி ஏக்கம் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடத்தைக் கடப்பதற்கு மருத்துவர்கள் சொல்லித் தரும் எளிய முறை ஒன்று உண்டு: சற்றுத் தள்ளிப்போடுவது, மூச்சை ஆழ இழுத்து மெல்ல விடுவது, ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடிப்பது, இருந்த இடத்தை விட்டு நகர்ந்து வேறொரு வேலையில் கை வைப்பது. இதை வெறும் வாய்ப்பாடாகச் சொல்லிவிடாமல், அவனுடைய நான்கு இடங்களுக்கும் நான்கு தனி ஏற்பாடாக மாற்றிக் கொடுங்கள். மேலே சொன்ன மாணவன் விடியற்காலையில் பம்ப்செட் அறைப் பக்கம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனான், தம்பி முன்னால் அவன் புகைப்பதில்லை என்பதால். பேருந்துக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறினான். கபடி முடிந்ததும் புளியமரத்தடிக்குப் போகாமல் நேரே கிணற்றில் குதித்துவிட்டு வீட்டுக்குப் போனான். சனிக்கிழமை மாலைகளை மட்டும் முதல் மாதம் முழுவதும் என்னோடு கழித்தான். மேல்நிலைத் தேர்வுக்கான கணக்குகளைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்போம், புகையிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

தேநீரைப் பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. புகைப்பவரின் உடல் தேநீர், காப்பியிலுள்ள காஃபினை விரைவாக வெளியேற்றிவிடும். புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு தேநீர் முன்பைவிட அதிகப் படபடப்பையும் தூக்கக்கேட்டையும் தரும். ஆகவே குடிக்கும் தேநீரைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். தேநீர்க்கடைப் பெஞ்சே புகைக்கும் இடமாகவும் இருப்பதால், முதல் மாதம் அந்தக் கடையையே தவிர்த்து மோரோ கம்பங்கூழோ சுக்குக் காப்பியோ வீட்டில் குடிப்பது இரு வகையிலும் நல்லது.

முதல் மூன்று நாள் அவனை நாள்தோறும் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். பிறகு வாரம் இருமுறை, இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை.

"வேண்டாம்" என்று சொல்லப் பழகுவது

நண்பன் நீட்டுவதை மறுப்பதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். நீண்ட விளக்கம் கொடுத்தால் வாக்குவாதம் ஆகிவிடும். குறுகிய, தன் பேச்சிலேயே அமைந்த ஒரு சொற்றொடரை அவன் முன்கூட்டியே முடிவு செய்து, உங்களிடம் நான்கைந்து முறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். "வேண்டாம்ல, ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு" என்பது எங்கள் பையன்களிடம் நன்றாக வேலை செய்தது. அதைச் சொன்னதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்குங்கள். கூட்டாளிகளில் இன்னொருவனையும் சேர்த்து ஒரே நாளில் விட வைக்க முடிந்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

வீட்டாரிடம் பேசுவது

பையனின் சம்மதம் இல்லாமல் அவன் புகைக்கிறான் என்று வீட்டில் சொல்லாதீர்கள். அதைச் சொல்லாமலேயே கேட்கக்கூடிய மிக முக்கியமான உதவி ஒன்று இருக்கிறது: பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்கிவரச் சொல்வதை நிறுத்துவது. எங்கள் ஊர்களில் பழக்கம் நுழையும் முதல் வாசல் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். வாங்கி வருவது, பற்றவைத்துக் கொடுப்பது, அணைத்த துண்டை எடுத்துப் போடுவது என்ற மூன்றும் பிள்ளையின் கைக்குப் பீடியைப் பழக்குகின்றன. தகப்பனாரிடம், "அண்ணாச்சி, உங்க பீடிய விடச் சொல்லி நா வரல. பயல கடைக்கு அனுப்பாதீங்க, அவன் கண்ணு முன்னால பத்த வைக்காதீங்க. இது ரெண்டு மட்டும் போதும்" என்று கேட்டிருக்கிறேன். மறுத்தவர் மிகச் சிலரே. ஒப்புக்கொண்டவர்களில் ஓரிருவர் பின்னர் தாமே பீடியை விட்டுவிட்டனர்.

பீடி சுற்றும் வீட்டில் தூளையும் இலையையும் ஒழிக்க முடியாது; அது அந்த வீட்டின் அரிசி. தாயின் தொழிலைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். சுற்றி முடித்த கட்டுகளையும் மீந்த தூளையும் மூடிய தகரப் பெட்டியில் வைப்பது, பிள்ளை படிக்கும், உறங்கும் இடத்திலிருந்து சுளகைத் தள்ளி வைப்பது, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உணவைத் தொடுவது ஆகிய மூன்றையும் கேட்டுக்கொண்டால் போதும்.

துக்க வீடுகளில் வெற்றிலையோடு பீடியும் சிகரெட்டும் தட்டில் வைத்து நீட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தட்டை ஏந்திச் சுற்றி வருபவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள்தான். அந்த வேலையைப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தவறிவிட்டால்

தவறுவான். முதல் முயற்சியிலேயே முற்றிலும் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோயில் கொடை இரவிலோ, தேர்வு முடிந்த நாளிலோ ஒன்றை இழுத்துவிட்டு, "எல்லாம் போச்சு சார்" என்று வந்து நிற்பான், அல்லது உங்களைக் கண்டதும் தெரு மாறிப் போவான். மாறிப் போகிறவனை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். எத்தனை நாள் விடாமல் இருந்தான் என்பதை முதலில் கேளுங்கள். பத்தொன்பது நாள் என்றால், பத்தொன்பது நாள் இருக்க முடிந்தது என்பது அவனுக்கே தெரிய வேண்டும். பிறகு பழைய நான்கு கேள்விகளையே கேளுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், யாரோடு, எங்கிருந்து. கிடைக்கும் விடை, நாம் நிரப்பாமல் விட்ட ஓர் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அதற்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டு அன்றே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள், அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்கள்

உதட்டுக்குள்ளும் கன்னத்துக்குள்ளும் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கும் பழக்கமும் பிள்ளைகளிடம் இருக்கிறது. புகையும் வாடையும் இல்லாததால் வகுப்பறையிலேயே நடக்கிறது. அத்தகைய பிள்ளையிடம், அவனுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையாவிட்டாலோ, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாலோ, உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத திட்டு தென்பட்டாலோ, தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பீடியில் கஞ்சா கலந்து இழுப்பதாகத் தெரிந்தால் அது இந்த வழிகாட்டியால் தீரும் காரியம் அன்று. மனநல மருத்துவரின் உதவியோடு செய்ய வேண்டியது.

கடையும் ஊரும்

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் விற்பதையும் தடை செய்கிறது. அபராதம் 200 ரூபாய் வரைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவோ மிகக் கடுமையானது. குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது இடம் தருகிறது. இதைப் பெட்டிக்கடைக்காரரிடம் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். ஊரில் அவரும் ஒருவர், பெரும்பாலும் மாற்றுத்திறனாளியாகவோ கணவரை இழந்த பெண்ணாகவோ இருப்பார், அவருடைய பேரனும் அதே பள்ளியில் படிப்பான். தனியே சென்று சட்டத்தைச் சொல்லி, அப்பாவுக்கென்று கேட்டு வரும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். கேட்டும் பயனில்லை என்றால் மட்டும் தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் புகார் செய்யுங்கள்.

ஊர் முழுவதும் கட்டுப்பட வேண்டுமானால் கிராம சபையில் தீர்மானம் வேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தில் விற்பனைத் தடையை மட்டும் எழுதாமல், மாலையில் பிள்ளைகள் கூடுவதற்கான இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: மைதானத்துக்கு இரண்டு விளக்கு, நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைப்பது, கபடிக் குழுவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. மாலை ஐந்து முதல் எட்டு வரையிலான நேரம் காலியாக இருக்கும் ஊரில் எந்தத் தீர்மானமும் நிற்காது. நேரத்துக்கு உறங்குவது, காலையில் பட்டினியாகப் பள்ளிக்குப் போகாமல் பழைய சோறாவது சாப்பிட்டுவிட்டுப் போவது, கைப்பேசியை இரவு பத்து மணிக்கு மேல் தலைமாட்டில் வைக்காதது போன்ற நற்பழக்கங்களும் விளையாடிக் களைத்த உடம்புக்கு எளிதாகவே வந்து சேரும்.

ஆறு மாதத்துக்குப் பின்

ஆறு மாதம் புகைக்காமல் இருந்த பிள்ளையை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டாம். அவன் புகைத்தவன் என்பதை ஊருக்கு அறிவிப்பதாக அது முடியும். அதற்குப் பதிலாக, அடுத்து உங்களிடம் வரும் எட்டாம் வகுப்புப் பையனைச் சந்திக்கும்போது, அந்தச் சிறுவன் சம்மதித்தால், இவனையும் உடன் அமர வையுங்கள். சிறுவனின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் முன்பே விதித்துவிடுங்கள். துண்டுத்தாளையும் பென்சிலையும் சிறுவனிடம் கொடுத்து, எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதும் முறையை இவனே சொல்லிக் கொடுக்கட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள்.